முத்தோரைத் தொலைநோக்கியும் அண்டக் கொள்கைத் துணிபும்

நீலகிரி மாவட்டத்தின் தலைநகராகிய உதகமண்டலத்திற்கு அணித்தே, முத்தோரை என்னும் இடத்தில், உருளைக்கிழங்கு விளையும் நிலங்களினிடையே ஒரு மலைச்சரிவின்மேல், வடக்குத் தெற்காக 530 மீட்டர் நீளமும் 30 மீட்டர் அகலமும் உடைய வானொலித் தொலைநோக்கி ஒன்று கிடக்கின்றது. டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தாரால், கோவிந்த சுவரூப் என்னும் அறிஞர் தலைமையில், இந்நாட்டுப் பொறியியலறிவு கொண்டே சமைக்கப்பட்டு, 1970ஆம் ஆண்டில் அது தொழிற்படத் தொடங்கிற்று. இக்கருவியைக் குறித்தும் இதனோடு இயைந்த ஆராய்ச்சியைக் குறித்தும் இரு கூற்றுக்கள் மேடைகளிலும் எளிய கட்டுரைகளிலும் வழங்குகின்றன. அண்டம் பெருவெடிப்பினின்றுந் தோன்றியது என்பதனை உதகைத் தொலைநோக்கி மெய்ப்பித்துவிட்டது என்பது ஒன்று. விஞ்ஞானிகள் ஒரு கொள்கையைக் கைக்கொள்வதும் பிறிதொன்றைக் கைவிடுவதும் பெரும்பான்மையோர் கருத்தையும் புகழையும் பற்றியனவேயன்றிப் பொருளுண்மையைப் பற்றியன அல்ல, ஆதலின் அவர்தம் முடிபுகளைச் சமயவாணர் பொருட்படுத்த வேண்டா என்பது மற்றொன்று. முன்னது பெருமிதத்தாற் பிறந்தது. பின்னது அசட்டையாற் பிறந்தது. நிகழ்ந்த வரலாற்றை நோக்குவார்க்கு இரண்டும் நில்லா.

இருவர் மாறுபடக் கூறிய பொருளுள் ஒன்றனைத் துணிதலை நன்னூலார் எழுவகை மதத்துள் ஒன்றாக வைத்தனர். துணிதற்குமுன் இருவர் கூற்றையும் உள்ளவாறு கேட்டல் வேண்டும். சிவஞான சித்தியார் பரபக்கத்தில் அருணந்தி சிவாசாரியார் புறச்சமயத்தார் கொள்கையை அவரவரே உரைப்பாராக முதற்கண் நிறுத்தி அதன்பின்னரே மறுக்கப் புகுந்தமையைச் சைவ நன்மக்கள் அறிவர். தோற்ற கொள்கையை அதன் முழு வலியோடு எடுத்துரையாதார்க்கு வென்ற கொள்கை எதனால் வென்றது என்பது விளங்காது. ஆகலின், இன்று கைவிடப்பட்ட மாறாநிலைக் கொள்கையே முதற்கண் உரைக்கற்பாலது.

1929ஆம் ஆண்டில் எட்வின் ஹபிள் என்பார், தொலைவிலுள்ள விண்மீன் திரள்கள் அத்தொலைவுக்கேற்ற வேகத்தோடு விலகிச் செல்கின்றன என்று காட்டினர். விலகுவன யாவும் முன்னொரு காலத்து நெருங்கியிருந்தன என்று கருதல் இயல்பு. பெல்ஜிய நாட்டுப் பாதிரியாராகிய ஜார்ஜ் லெமேத்ரு அங்ஙனமே கருதினர். ஆயின் அக்காலத்து அளவுகளைக் கொண்டு பின்னோக்கிக் கணக்கிட்டால் அண்டத்தின் வயது ஏறத்தாழ 200 கோடி ஆண்டிற்கு மிகவில்லை. நிலவுலகின் வயதோ பாறைகளின் கதிரியக்கத்தை அளந்தவர்களால் 300 கோடி ஆண்டளவு என்று கூறப்பட்டது. மகன் வயது தாய் வயதினும் மிக்கதென்னும் இவ்விழுக்கு ஒரு கொள்கையைத் தள்ளுதற்குப் போதியதே. இந்நிலையில் 1948ஆம் ஆண்டு ஹெர்மன் பாண்டி, தாமஸ் கோல்டு, பிரெட் ஹாயில் என்னும் மூவர் வேறோர் வழி கண்டனர். அண்டம் எக்காலத்தும் எவ்விடத்தும் ஒரு தன்மைத்து. விரிவினாற் குறையும் பொருட்செறிவு புதிதாகத் தோன்றும் அணுக்களால் நிரப்பப்படுகின்றது. அத்தோற்றமும் ஏறத்தாழ ஒரு கன மீட்டர் இடத்தில் நூறு கோடி ஆண்டிற்கு ஓர் அணு என்னும் அத்துணைச் சிறிதாகலின் எக்கருவிக்கும் புலனாகாது என்பது அவர் கொள்கை. இதற்குத் தொடக்கமுமில்லை, வயதுமில்லை. எனவே மேற்கூறிய இழுக்கும் இல்லை.

இல்லது தோன்றுமோ என்று சற்காரியவாதம் பயின்ற சைவர் ஈண்டு வினவுவர். அவ்வினாவை விஞ்ஞானிகளுட் பலரும் எழுப்பினர். ஆனால் கொள்கை அதனால் வீழவில்லை. பெருவெடிப்பில் யாவும் ஒருங்கே தோன்றியதாகக் கொள்வார்க்கும் அவ்வினா உண்டன்றோ என்று ஹாயில் விடுத்த எதிர்வினா வலியுடையதாயிருந்தது. மேலும், இக்கொள்கைக்கு ஒரு தனிச்சிறப்பு உண்டு. எக்காலத்தும் அண்டம் ஒரு தன்மைத்து என்று அஃது ஐயமின்றி மொழிந்தமையால், தன்னை மறுத்தற்குரிய வாயிலைத் தானே திறந்து வைத்தது. ஒளியும் வானொலியலையும் வந்துசேர நெடுங்காலம் பிடித்தலின், மிகத் தொலைவிலுள்ளதைக் காண்பது மிகப் பழையதைக் காண்பதாகும். தொலைவிலுள்ளவை அணித்தாயுள்ளவற்றின் வேறுபட்டன என்று ஒருவர் காட்டுவாராயின் மாறாநிலைக் கொள்கை வீழும். எவ்வாறு காணினும் தப்பிச்செல்லும் கொள்கைகளினும், இங்ஙனம் தன் கழுத்தை நீட்டி நிற்கும் கொள்கை மதிக்கத்தக்கது.

அவ்வாயிலிற் புகுந்தவர் கேம்பிரிட்ஜில் வானொலி வானியல் நடத்திய மார்ட்டின் ரைல். விண்ணில் வானொலி வீசும் பொருள்களை அவர் எண்ணினர். ஒருதன்மைத்தாய்ப் பரந்த பொருள்களை எண்ணுங்கால், நான்கிலொரு பங்கு மங்கியனவற்றையும் சேர்த்தெண்ணினால் தொகை எட்டு மடங்காதல் வேண்டும் என்பது எளிய கணக்கு. மாறாநிலைக் கொள்கையின்படி அஃது எட்டினும் குறையும். 1955ஆம் ஆண்டு ரைல் வெளியிட்ட முடிபோ அதனை அறுபத்துநான்கு மடங்காகக் காட்டிற்று. மாறாநிலைக் கொள்கை முடிந்ததென்று பறையறையப்பட்டது. ஆனால் ஆஸ்திரேலியாவில் சிட்னி நகரத்து மில்சும் அவர் குழுவினரும் அதே வானத்தின் ஒரு பகுதியைத் தம் கருவியால் நோக்கியபோது இரு பட்டியல்களும் பெரும்பாலும் பொருந்தவில்லை. கேம்பிரிட்ஜுக் கருவியில் அணித்தணித்தாயுள்ள மங்கிய பொருள்கள் கலந்து ஒன்றாகத் தோன்றியிருந்தன. அளவை நூலார் திரிவுக்காட்சி என்பது இதுவே. ஐயமும் திரிபும் அற்றதே காட்சியளவையாகும். அவை கலந்ததன்மேல் எழுந்த கருதலும் கருதலன்று.

ரைல் தம் பிழையை உணர்ந்து கருவியைத் திருத்தினர். 1961ஆம் ஆண்டில் அவர் பெற்ற விடை அறுபத்துநான்கன்று, ஏறத்தாழப் பன்னிரண்டு. எட்டினும் மிக்கதாகலின் அது மாறாநிலைக் கொள்கைக்கு மாறானதே. ஆயினும் முன்னொரு முறை தவறியவரின் சான்றை உலகம் உடனே ஏற்கவில்லை. ஹாயிலும் அவர் மாணாக்கராகிய ஜயந்த் நார்லிகரும், விண்ணில் பொருள்கள் இடத்திற்கிடம் செறிந்தும் நெகிழ்ந்தும் பரந்திருப்பின் அவ்வெண் அங்ஙனமாதல் கூடும் என்று விடை கூறினர். அவ்விடையும் கேட்கப்பட்டது. இவ்வழக்கில் பகைமை இல்லாமலில்லை. ரைல் தம் முடிபைப் பத்திரிகையாளர்க்கு அறிவித்த நாளில், முன்னறியாது வந்த தம்மை மேடையில் அமர்த்தினர் என்று ஹாயில் தம் வரலாற்று நூலில் மனக்கசப்போடு எழுதியிருக்கின்றனர். 'பெருவெடிப்பு' என்னும் பெயர்தானும் 1949ஆம் ஆண்டு வானொலிப் பேச்சொன்றில் ஹாயிலே மாற்றார் கொள்கைக்கு இட்டது. இகழ்தற்கு இட்டதன்று என்று அவர் பின்னர்க் கூறினும், அங்ஙனமே கொள்ளப்பட்டது.

1965ஆம் ஆண்டில் நிகழ்ந்ததைப் பள்ளிச் சிறாரும் அறிவர். அமெரிக்காவில் பென்சியாஸ், வில்சன் என்னும் இருவர், தம் வாங்கியில் எத்திசை நோக்கினும் நீங்காத மெல்லிய இரைச்சல் ஒன்றைக் கண்டனர். அது தனிச்சுழிக்கு ஏறத்தாழ 3 பாகை மேற்பட்ட வெப்பத்தின் கதிர். முன்னொரு காலத்து அண்டம் செறிந்தும் வெம்மையுற்றும் இருந்ததாயின் அவ்வெம்மையின் எச்சம் 5 பாகையளவில் எங்கும் பரந்திருத்தல் வேண்டும் என்று 1948ஆம் ஆண்டிலேயே ஆல்ஃபரும் ஹெர்மனும் கணித்திருந்தனர். அக்கணிப்பைப் பெரும்பாலார் மறந்திருந்தனர். இவ்வொரு நாளில், இவ்வொரு கண்டுபிடிப்பால், மாறாநிலைக் கொள்கை மாண்டது என்று கதை முடிக்கப்படுகின்றது.

கதை அத்துணை எளிதன்று. ஒரு சில அலைநீளங்களில் அளந்த கதிர் வெப்பக் கதிரே என்று துணிதல் ஆகாது. எல்லா அலைநீளத்தும் அதன் ஏற்றத்தாழ்வு வெப்பக் கதிரின் வரைபடத்தோடு பொருந்துதல் வேண்டும். விண்மீன்களின் ஒளியே நுண்டூளிகளாற் கவரப்பட்டு இங்ஙனம் வெளிப்படுகின்றதென்று ஹாயில் பக்கத்தார் கூறுதற்கு அதனால் இடமிருந்தது. கோபி என்னும் செயற்கைக்கோள் 1989ஆம் ஆண்டு ஏவப்பட்டு, அடுத்த ஆண்டிற் காட்டிய வரைபடம் வெப்பக் கதிரின் வரைபடத்தோடு மயிரிழையும் பிறழாது பொருந்திற்று. கால் நூற்றாண்டு இடையிற் கழிந்தது என்பது நோக்கத்தக்கது. அதற்குள்ளாகவே பலர் மனம் மாறினர் என்பதும் உண்மை. டெனிஸ் சியாமா என்பார் மாறாநிலைக் கொள்கையின் உறுதியான ஆதரவாளர். அவரும் அவர் மாணாக்கர் மார்ட்டின் ரீஸும் குவேசார்களின் தொகையை ஆராய்ந்து, தம் கொள்கையின்படி அத்தொகை அமையவில்லை என்று கண்டபோது, சியாமா தம் கொள்கையைத் தாமே கைவிட்டனர். 1965ஆம் ஆண்டு ஹாயிலே தம் கொள்கை பழைய வடிவில் நில்லாது என்று உடன்படுவாராய்ப் பேசிப் பின்னர் வேறு வடிவு தேடினர். பெரும்பான்மையோர் வாக்கால் இவை நிகழ்ந்தன என்பார், சியாமா எந்தப் பெரும்பான்மையை நோக்கி நடந்தனர் என்று கூறக் கடவர். அவர் தம் கையால் தேடிய சான்று தம்மையே மறுத்தது. அவர் அதற்குப் பணிந்தார்.

இனி முத்தோரைக்கு வருதல் தகும். இக்கருவி ஏன் அம்மலைச்சரிவில் அமைந்தது என்பதில் ஓர் அழகிய நுட்பம் உளது. உதகையின் அட்சம் ஏறத்தாழப் 11 பாகை. சரிவும் 11 பாகையே ஆமாறு இடம் தேர்ந்தெடுக்கப்பட்டது. எனவே சரிவின்மேற் கிடத்திய நெடிய கருவியின் அச்சு நிலவுலகின் அச்சுக்கு இணையாயிற்று. அவ்வோரச்சைச் சுழற்றுவதனாலேயே ஒரு விண்பொருளை ஒன்பதரை மணி நேரம் பின்தொடரலாம். இருபத்துநான்கு பரவளைவுச் சட்டகங்களின்மேல் 1100 துருப்பிடியா எஃகுக் கம்பிகள் நெடுக இழுத்துக் கட்டப்பட்டு ஆடியாயின. வானியலுக்குப் பெரும்பொருள் செலவிடவியலாத நாடொன்று, மலையையே கருவியின் உறுப்பாக்கிக்கொண்டது.

இக்கருவி கொண்டு செய்யக் கருதியது எண்ணுதலன்று, அளத்தல். திங்கள் விண்ணிற் செல்லுங்கால் தன் வழியிலுள்ள வானொலிப் பொருளை மறைக்கும், பின்னர் விடுவிக்கும். திங்களின் விளிம்பு நொடிக்கு ஏறத்தாழ அரை வில்நொடி செல்கின்றது. மறைதற்குப் பிடிக்கும் நேரத்தையும், விளிம்பில் அலை வளைந்து தரும் ஏற்றத்தாழ்வையும் பதிந்துகொண்டால், அப்பொருளின் தோற்ற அகலத்தை வில்நொடி அளவில் அறியலாம். பன்மைல் பரந்த கருவித் தொகுதிகளால் செய்தற்குரியதைத் திங்கள் ஒரு கத்தி முனையாய் நின்று செய்தது. இவ்வாறு பல்லாண்டுகளில் ஏறத்தாழ ஆயிரம் பொருள்களின் அகலம் அளக்கப்பட்டது. அவற்றுட் பல அதற்குமுன் எவராலும் அளக்கப்படாத மங்கிய பொருள்கள்.

அவ்வளவைகளின்மேல் சுவரூப்பும் விஜய் கபாஹியும் 1975ஆம் ஆண்டில் தத்தம் கட்டுரைகளை இங்கிலாந்து அரச வானியற் கழகத்தின் வெளியீட்டில் எழுதினர். பொருள்கள் மங்க மங்க அவற்றின் தோற்ற அகலம் எங்ஙனம் குறைகின்றது என்பதே ஆராய்ச்சி. மாறாநிலைக் கொள்கைப்படி மங்கியவற்றுட் பல அணித்தேயுள்ள வலிகுன்றிய பொருள்களாதல் வேண்டும். ஆகவே அவை ஓரளவு அகன்று தோன்றுதல் வேண்டும். கண்டதோ அதனினும் சிறிய அகலம். அவை மிகத் தொலைவில், எனவே மிகப் பழங்காலத்தில், இருத்தலின்றி அங்ஙனம் தோன்றா; பழங்காலத்தில் இத்தகைய பொருள்கள் மிகுதியாகவும், வடிவிற் சிறியனவாகவும் இருந்தன என்று கொண்டால் பொருந்தும். அண்டம் அன்று இன்றுபோல் இருந்ததில்லை.

இது பெருவெடிப்பை மெய்ப்பித்ததாகாதோ எனின், ஆகாது. அண்டம் மாறிவந்தது என்பதே ஈண்டு பெறப்பட்டது. மாறிவந்த அண்டம் யாதாயினும், வெம்மையிற் பிறந்ததாயினும் அன்றாயினும், இவ்வளவைக்கு உடன்படும். பொருள்களின் உண்மையகலம் காலந்தோறும் எங்ஙனம் வேறுபட்டது என்னும் துணைக்கருத்தின்றி இக்கருதல் செல்லாது என்பதும் உண்டு. அத்துணைக்கருத்தின் அளவைக் குறித்துப் பின்னும் பல்லாண்டுகள் வழக்கு நிகழ்ந்தது. மேலும் 1975 என்பது 1965க்குப் பத்தாண்டு பிற்பட்டது; அதற்குள் பெரும்பாலார் மனம் ஒருபாற் சாய்ந்திருந்தது. உதகை வழக்கைத் தீர்த்தது என்று கூறுவார் உதகைக்குச் செய்வது சிறப்பன்று.

அதன் உண்மைச் சிறப்பு வேறு. ரைலின் எண்ணிக்கையில் குற்றமுண்டாயின், அஃது எண்ணுவோர்க்குரிய குற்றம். மங்கிய பொருள்களைக் கலந்து காணும் குற்றம். திங்களின் விளிம்பால் அகலம் அளப்பவர் அக்குற்றத்திற்கு ஆளாகார். அவர்க்குரிய குற்றங்கள் வேறு. கதிர் இரைச்சலை அளந்தவர்க்குரியனவும் வேறு. ஒரே பிழைக்கு ஆளாகாத மூன்று சான்றுகள், ஒருவர்க்கொருவர் கடன்படாதவை, ஒரு முடிபைச் சுட்டின. மூன்று பேர் ஒரே நூலைப் படித்து ஒரே செய்தி கூறினால் சான்று ஒன்றே. மூவர் மூன்று வழியில் வந்து ஒரே ஊரில் கூடினால் ஊர் உண்டென்பது பெறப்படும். விஞ்ஞானக் குழுவினர் ஒரு கொள்கையின்பாற் சாய்வது பெரும்பாலும் இத்தகைய கூட்டத்தால் ஆம். மூன்றாவது வழியில் வந்தவருள் ஒருவர் நீலகிரியினின்றும் வந்தனர் என்பது போதிய பெருமை.

இதனோடு மற்றொரு செய்தியும் எண்ணற்பாலது. கேம்பிரிட்ஜிலிருந்து மீண்ட நார்லிகர் 1972ஆம் ஆண்டு முதல் அதே டாட்டா நிறுவனத்திற் பணிபுரிந்தனர். அவர் பெருவெடிப்பை ஏற்றவரல்லர். 2025ஆம் ஆண்டில் மறையும் வரையும் ஏற்றிலர். ஆகவே, மாறாநிலைக் கொள்கைக்கு எதிரான அளவைகளைச் செய்தவரும் அக்கொள்கையின் தலையாய காவலருள் ஒருவரும் ஒரு நிறுவனத்தின் கீழ் ஊதியம் பெற்றுத் தத்தம் பணியாற்றினர். பரபக்கத்தை ஏட்டில் மட்டும் எழுதாது பக்கத்து அறையில் வைத்து உண்பித்த நிறுவனம் அது. எங்கும் இங்ஙனம் நிகழ்ந்ததில்லை. அமெரிக்காவில் 1980களில் ஆல்டன் ஆர்ப் என்னும் வானியலார், செம்பெயர்ச்சி தொலைவைக் குறியாது என்னும் தம் கருத்தை ஆராய்தற்குரிய தொலைநோக்கி நேரம் மறுக்கப்பட்டு நாடு நீங்கினர். அவர் கருத்து பிழையாதலே பெரிதும் ஒக்கும். ஆயினும் நேரம் மறுத்தவர்கள் தம் கொள்கையை வலிமையாக்கினாரல்லர். 'பெரும்பான்மை' என்று பேசுவார்க்கு ஒரு படைக்கலம் கொடுத்தனர். அவர் கூற்றில் உள்ள உண்மைக்கூறு இதுவே, இதற்கு மேலன்று. புகழும் பதவியும் நட்பும் பகையும் எக்குழுவிலும் உண்டு. அவை முடிவைத் தாழ்த்தும், சிலகாலம் திரிக்கும். ஆயின் அவை சிட்னியில் கேம்பிரிட்ஜின் பிழையைக் கண்டுபிடிக்கா. சியாமாவைத் தம் கொள்கை விடச் செய்யா.

இனிச் சமயவாணர்க்குரிய இடர் ஒன்று உண்டு. 1951ஆம் ஆண்டு ரோமாபுரியில் பன்னிரண்டாம் பயஸ் என்னும் போப்பரசர், அண்டத்தின் தொடக்கத்தைக் கூறும் புதிய வானியல் தம் சமயத்தின் படைப்புக் கோட்பாட்டிற்குச் சான்று பகர்கின்றது என்று பேசினர். அதனை விரும்பாதவர் அக்கொள்கையின் தந்தையும் அச்சமயத்துப் பாதிரியாருமாகிய லெமேத்ருவே. இயற்பொருளாராய்ச்சி தன் வழியே செல்லுதல் வேண்டும், சமயத்தை அதன்மேற் கட்டுதல் ஆகாது என்பது அவர் உள்ளம். சைவருட் சிலரும் போப்பரசர் வழியிற் செல்ல விரும்புகின்றனர். சிவஞானபோதம் முதற் சூத்திரம் உலகிற்குத் தோற்றமும் நிலையும் ஒடுக்கமும் கூறுகின்றது. பெருவெடிப்பும் தோற்றம் கூறுகின்றது. ஆகவே சித்தாந்தம் மெய்யாயிற்று என்பது அவர் முடிபு. சித்தாந்தத்தில் தோன்றும் உலகிற்கு முதற்காரணமாகிய மாயை அநாதி. ஒடுங்கியதே மீளத் தோன்றும். தோற்றுவிப்பான் நிமித்த காரணனாகிய இறைவன். பெருவெடிப்புக் கொள்கையோ செறிந்து வெம்மையுற்ற ஒரு நிலையினின்றும் அண்டம் விரிந்தது என்பதையன்றி அந்நிலைக்கு முன் யாது என்றும், தோற்றுவித்தார் உளரோ என்றும் கூறுவதன்று. வேறு வினாவிற்கு உரைத்த விடையை எடுத்துத் தம் வினாவிற்கு விடையாக்குதல் தர்க்கத்தில் ஏதுப்போலி.

ஹாயிலும், ஜெஃப்ரி பர்பிட்ஜும், நார்லிகரும் 1993ஆம் ஆண்டில் வெளியிட்ட மற்றொரு கொள்கை உண்டு. அண்டம் தொடக்கமின்றி, பலகோடி ஆண்டிற்கொரு முறை சுருங்கியும் விரிந்தும் வருகின்றது என்பது அது. ஒடுக்கமும் தோற்றமும் மாறிமாறி வருதலால் இதுவே சித்தாந்தத்திற்கு அணித்தென்று ஒருவர் கருதி இதனைக் கைக்கொள்ளலாம். கோபி காட்டிய வரைபடத்திற்கும் அதன்பின் அளந்த நுண்ணிய ஏற்றத்தாழ்வுகட்கும் அக்கொள்கை தந்த விளக்கம் வானியலாருட் பெரும்பாலார்க்கு நிறைவு தரவில்லை. அதனை நடத்திய மூவரும் இன்று இலர். அளவையை நோக்காது ஒப்புமை ஒன்றே பற்றி அதனை விரும்பும் சைவர், விஞ்ஞானிகள் விருப்பத்தாற் கொள்கை தேர்கின்றனர் என்று எந்தக் குற்றத்தைச் சாட்டினரோ, அதனையே தாம் செய்கின்றனர்.